ருசி பார்த்தவள்

ஆமினா மாமியின் வாயிலிருந்து "சாப்பிட்டியாம்மா?" என்ற ஒரு வார்த்தையைக் கேட்க நுஸைபாவுக்கு நான்கு வருஷம் பிடித்தது. அதுவும் எந்த மாதத்தில் வந்தது என்றால், வீடே பகலெல்லாம் பட்டினி கிடக்கும் நோன்பு மாதத்தில். விடிவதற்கு முன்னால், சஹர் சாப்பாட்டுக்கு எல்லோரும் உட்கார்ந்திருந்தபோது மாமி ஒரு கரண்டி தயிரை நுஸைபாவின் தட்டில் தன் கையாலேயே ஊற்றி, "வயிறு நெறையச் சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டாள். மாமனார் அப்துல் வஹாப் தட்டிலிருந்து தலையைத் தூக்கி மனைவியை ஒருமுறை பார்த்தார். அவருக்கே அது புதுசாக இருந்திருக்க வேண்டும்.

நுஸைபா கீழ்வேளூர்ப் பெண். அவளுடைய அத்தா கடைத்தெருவில் டயர் கடை வைத்திருந்தார். கல்லூரி முடித்த கையோடு நாகப்பட்டினத்தில் கேக் செய்யும் வகுப்புக்கும் போனாள். அந்த ஆசையைப் பார்த்துத்தான் அத்தா கல்யாணச் சீரில் கட்டில் பீரோவோடு ஒரு ஓவனையும் சேர்த்து அனுப்பினார். புகுந்த வீடு இருந்த குத்தாலத்தில் வண்டியிலிருந்து அதை இறக்கியபோது ஆமினா மாமி, "இது என்னா, பழைய டிவியா?" என்றாள். இன்னது என்று விளக்கிச் சொன்னதும், "நம்ம வீட்டுல அடுப்பு இல்லேன்னு நெனச்சுட்டாரு போல சம்பந்தி" என்று பந்தலில் இருந்தவர்களுக்கெல்லாம் கேட்கும்படி சொன்னாள். பந்தல் சிரித்தது. புதுப்பெண்ணும் கூடச் சேர்ந்து சிரித்தாள். சிரிக்காமல் என்ன செய்வது?

புருஷன் சுஹைப் ஷார்ஜாவில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் வேலை பார்த்தான். வருஷத்துக்கு ஒரு லீவு. நான்கு வருஷத்தில் அவன் ஊரில் இருந்த நாட்களை எல்லாம் கூட்டிப் பார்த்தால் ஒரு மூன்று, நான்கு மாதக் குறுவைப் பயிரின் வயசு தேறும், அவ்வளவுதான். ஆனால் குழந்தை இல்லாத குற்றம் முழுசும் நுஸைபாவின் கணக்கில் ஏறியது. தஞ்சாவூரில் ஒரு டாக்டரம்மாவிடம் காட்டினார்கள். அந்த அம்மாள் நுஸைபாவின் ரிப்போர்ட்டை எல்லாம் புரட்டிவிட்டு, "இவங்களுக்கு ஒண்ணும் இல்லைங்க. அடுத்த தடவை வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வாங்க, ஒரு டெஸ்ட் எடுத்துடலாம்" என்றாள். சுஹைபிடம் போனில் சொன்னதற்கு, "எனக்கென்ன கேடு?" என்றான். மாமி அந்த டாக்டரம்மாவுக்குப் படிப்புப் போதாது என்று முடிவுகட்டி, வேறு டாக்டர் பார்க்கச் சொன்னாள். அங்கேயும் நுஸைபா மட்டும்தான் போனாள்.

இந்த வருஷம் சுஹைப் பொங்கலை ஒட்டி வந்துவிட்டு, நோன்பு பிறக்கக் கொஞ்ச நாள் முன்னால் திரும்பினான். அவன் போன மறுநாள் மாமி நுஸைபாவைக் கூப்பிட்டு உட்காரவைத்தாள்.

"நோன்புப் பெருநாள் வரைக்கும் பாப்போம். அப்புறம் அல்லா விட்ட வழி" என்றாள்.

தான் முடிவு செய்து வைத்ததை அல்லாவின் மேல் ஏற்றிவிடுவது மாமியின் பழக்கம். அல்லா விட்ட அந்த வழி எது என்று நுஸைபாவுக்குத் தெரியும். மாமியின் மகள் சாஜிதாவின் போனில் ஒரு பெண்ணின் போட்டோவாக அது ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருந்தது. சாஜிதா அதைக் காட்டவில்லை. காட்டாமலும் இல்லை. போனை அப்படியே திறந்துவைத்துவிட்டுக் குளிக்கப் போனாள்.

இனிமேல் சொல்லப்போவது புரிய வேண்டுமானால் நோன்பு வீட்டின் ஒரு சங்கதியைச் சொல்லியாக வேண்டும். மாதவிலக்கு நாட்களில் பெண்களுக்கு நோன்பும் கிடையாது, தொழுகையும் கிடையாது. விட்டுப்போன நோன்பைப் பிறகு ஒரு சமயம் பிடித்துக்கொள்ளலாம். பெண்ணின் உடம்புக்கு இரங்கி மார்க்கம் கொடுத்த விடுப்பு அது. மார்க்கம் அதோடு விட்டுவிட்டது. ஆமினா மாமி விடவில்லை. மருமகள் எந்த நாளில் நோன்பை விடுகிறாள், எந்த மூலையில் உட்கார்ந்து தண்ணீர் குடிக்கிறாள் என்று வருஷா வருஷம் பார்த்துக்கொண்டே இருந்தாள். நோன்பை விட்டால் வயிறு காலி. விடவே இல்லை என்றால் வயிற்றில் ஏதோ இருக்கிறது. ஸ்கேன் எடுக்கிற டாக்டர்கூட இவ்வளவு நுணுக்கமாகப் பார்க்க மாட்டாள்.

இந்த வருஷம் பாதி மாதம் தாண்டியும் நுஸைபா ஒரு நோன்பைக்கூட விடவில்லை.

மாமியின் முகம் மெல்ல மாறியது. முதலில் தயிர் வந்தது. அப்புறம் ஆட்டு ஈரல் வந்தது. கொல்லையில் துணி துவைக்கக் குனிந்தவளைக் கையைப் பிடித்து எழுப்பி, "நீ போய்ப் படும்மா" என்றாள். நுஸைபாவின் அறையில் கடகடவென்று சத்தம் போட்டுக்கொண்டிருந்த மின்விசிறியை, நான்கு வருஷம் காதில் விழாத சத்தம் திடீரென்று விழுந்ததுபோல, ஆளை வரவழைத்து மாற்றினாள். பிள்ளைத்தாய்ச்சி நோன்பை விடலாம் என்று மாமனார் மெல்லச் சொன்னபோது, "மொத மாசத்துல ஒண்ணும் ஆவாது. சாஜிதாவ வயித்துல வச்சுக்கிட்டு நான் முப்பதும் புடிச்சேன்" என்று அவர் வாயை அடைத்தாள். தெருவில் நாலு வீட்டுக்குச் சொன்னாள். ஷார்ஜாவுக்குச் சொன்னாள். சுஹைப் அன்று தானாகவே நுஸைபாவைக் கூப்பிட்டு, வெட்கமும் சிரிப்புமாக, "பெருநாள் முடியட்டும், உன்ன இங்க அழைச்சுக்க விசாவுக்கு எழுதிப் போடுறேன்" என்றான்.

நுஸைபா யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. ஆனால் அவளும் நம்பினாள். பாவம், ரொம்பவே நம்பினாள். பெருநாள் முடிந்து டாக்டரிடம் போகலாம் என்று மாமி சொன்னதற்குத் தலையாட்டிவிட்டு, தனியாக இருக்கும்போது அடிவயிற்றில் கையை வைத்துக்கொண்டு பேர் யோசித்தாள்.

அப்புறம் ஒரு நாள் மத்தியானம், தள்ளிப்போயிருந்தது வந்தது.

குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர்ச் சத்தத்துக்குள் அழுதாள். அழுது முடித்து, சொல்லிவிடலாம் என்றுதான் அடுப்படிக்கு வந்தாள். மாமி நோன்புக் கஞ்சிக்கு அரிசி களைந்துகொண்டிருந்தாள். மருமகளைப் பார்த்ததும் ஈரக்கையால் முக்காலியை இழுத்துப் போட்டு, "ஒக்காரும்மா. கண்ணெல்லாம் செவந்து கெடக்கு பாரு. அப்படித்தான் இருக்கும், எனக்கும் இருந்துச்சு" என்றாள். நுஸைபா உட்கார்ந்தாள். வாயில் வந்த வார்த்தை உள்ளேயே போய்விட்டது. அன்பு அந்த அளவுக்குப் பசியெடுக்க வைக்கும் என்று அவளுக்கே தெரியாது. இன்றைக்கு ஒரு நாள் இருந்துவிட்டுப் போகட்டும், நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

நாளைக்கும் அப்படியே நினைத்தாள். சஹருக்கு எழுந்து எல்லோரோடும் சாப்பிட்டாள். தொழுகை நேரத்தில் அறைக் கதவைச் சாத்திப் பாயை விரித்து, அதன்மேல் உட்காராமல் பக்கத்துத் தரையில் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து வந்தாள். பகலில் தாகம் தாங்காதபோது குளியலறைக் குழாயில் வாயை வைத்தாள். ஒரு பிஸ்கட்டை முந்தானையில் மறைத்து எடுத்துப் போய், சத்தம் வராமல் எச்சிலில் ஊறவைத்துத் தின்றாள். அவளுக்கு விடுப்புக் கொடுத்திருந்த நாட்களில், விடுப்பு இல்லாதவளைப் போல நடித்துக்கொண்டு, திருடியைப் போலத் தின்றாள். யாரிடமும் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. யாரும் எதையும் கேட்கவில்லை, அவளும் எதையும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

நோன்பு மாதத்தின் பெரிய இரவான இருபத்தேழாம் கிழமைக்காகச் சாஜிதா நாகப்பட்டினத்திலிருந்து வந்தாள். பையிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்து நுஸைபாவிடம் கொடுத்தாள். உள்ளே பச்சைத் தேயிலைப் பொடி இருந்தது.

"மெட்ராஸ்ல ஒரு கடையில இதப் போட்டு சீஸ்கேக் சாப்பிட்டேன், அப்படியே கரையுது. உன் ஓவன்ல வருமா?" என்றாள்.

நுஸைபா பதில் சொல்லுமுன் மாமி சொன்னாள்: "ஏன் வராது? எம் மருமவ செய்வா."

எம் மருமவ. அந்த வார்த்தைக்கு அவள் ஒரு கேக் என்ன, ஓவனுக்குள்ளேயே போய் உட்கார்ந்திருப்பாள். மாமி அதோடு நிற்கவில்லை. மறுநாள் மாலை நோன்பு திறக்கச் சொந்தக்காரப் பெண்களை எல்லாம் வீட்டுக்கு அழைத்துவிட்டாள். மருமகளைக் காட்ட வேண்டும், மருமகளின் வயிற்றைக் காட்ட வேண்டும், கேக்கையும் காட்டலாம்.

சீஸ் கும்பகோணத்திலிருந்து ஐஸ் போட்டு வந்தது. அது போதாது என்று நுஸைபா கெட்டித் தயிரை வேட்டித் துணியில் கட்டிக் குழாயில் தொங்கவிட்டு, தண்ணீரை வடித்துச் சேர்த்தாள். மேரி பிஸ்கட்டைப் பொடித்து, வெண்ணெயை உருக்கி ஊற்றிப் பிசைந்து, தட்டின் அடியில் டம்ளரால் அழுத்திப் பரப்பினாள். சீஸ், சர்க்கரை, முட்டை எல்லாவற்றையும் கட்டியில்லாமல் அடித்து, தேயிலைப் பொடியைச் சலித்துப் போட்டாள். அறுத்த வைக்கோல் மழையில் நனைந்தால் ஒரு வாசம் வருமே, அந்த வாசம் வந்தது. ஓவனுக்குள் ஒரு தட்டில் கொதிநீர் ஊற்றி, அதில் கேக் தட்டை வைத்து மூடினாள். மெல்லிய சூட்டில் வெந்து முடிந்ததும் உடனே வெளியே எடுக்காமல், கதவிடுக்கில் ஒரு மரக்கரண்டியைச் செருகி உள்ளேயே ஆறவிட்டாள். எல்லாம் படித்தபடிதான் செய்தாள். இடையில் கரண்ட் ஒருமுறை போய் வந்ததுதான் அவள் கையில் இல்லை.

பிற்பகலில் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துப் பார்த்தால், தண்ணீர் வற்றிய வயலைப் போலக் கேக் நடுவில் வெடித்திருந்தது. நிறமும் போதவில்லை. போட்ட பச்சை வெந்ததில் மங்கி, பாசிபிடித்த படிக்கட்டு மாதிரி இருந்தது. பிற்பகல் தொழுகைக்கு அசர் பாங்கு சொல்லியாகிவிட்டது. இன்னும் கொஞ்ச நேரத்தில் பெண்கள் வந்துவிடுவார்கள்.

நுஸைபா க்ரீமையும் மில்க்மெய்டையும் அடித்து, மிச்சமிருந்த தேயிலைப் பொடியைப் போட்டு, வெடிப்பை மூட ஒரு பூச்சு தயாரித்தாள். நிறத்துக்கு, கடல்பாசி இனிப்புக்குப் போடுகிற பச்சைக் கலர் பொடி அலமாரியில் இருந்தது. நோன்பு மாதத்தில் கடல்பாசி காய்ச்சாத வீடு ஏது? அதில் ஒரு சிட்டிகை போட்டாள், போதாமல் இன்னொரு சிட்டிகை போட்டாள். பூச்சு இளநாற்றின் பச்சைக்கு வந்தது. ஆனால் தேயிலை கசக்கும். இனிப்பு சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வீட்டில் எல்லோரும் நோன்பு. பார்க்கக்கூடியவள் அவள் ஒருத்திதான், அது யாருக்கும் தெரியாது. சாஜிதா உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள். மாமி கூடத்தில் பாய் விரித்துக்கொண்டிருந்தாள்.

நுஸைபா ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தாள். ருசி பார்த்தாள் என்று சொல்வதெல்லாம் மரியாதைக்குத்தான். முதல் கரண்டிதான் ருசி. அடுத்த கரண்டி பசி. பூச்சைக் கேக்கின் மேல் பரப்பிவிட்டு, அடுப்பு மேடைக்குக் கீழே குந்தி உட்கார்ந்து, பாத்திரத்தில் ஒட்டியிருந்ததை எல்லாம் விரலால் வழித்து வழித்துத் தின்றாள். இத்தனை நாள் மறைந்து மறைந்து தின்றதில் இதுதான் வயிற்றில் போய் உட்கார்ந்தது. பிறகு வாயைக் கொப்பளித்து, உதட்டை முந்தானையால் துடைத்து, எவர்சில்வர் தட்டில் முகத்தைப் பார்த்துக்கொண்டாள். உதடு சுத்தமாக இருந்தது. உதட்டைத்தான் பார்த்தாள்.

ஆண்கள் பள்ளிவாசலுக்குப் போய்விட்டார்கள். கூடத்தில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். கஞ்சி, வடை, சமோசா, ரோஸ் மில்க் எல்லாம் பரப்பியிருந்தது. நடுவில் நுஸைபாவின் கேக் பச்சைப்பசேலென்று இருந்தது. எல்லோரும் அதைப் பார்த்தார்கள். அப்புறம் நுஸைபாவைப் பார்த்தார்கள். அப்புறம் பார்வையைக் கொஞ்சம் இறக்கி அவள் வயிற்றைப் பார்த்தார்கள். மாமி மருமகளைத் தன் பக்கத்திலேயே உட்காரவைத்திருந்தாள்.

சூரியன் மறைந்து மஃரிப் பாங்கு கேட்டது. மாமி ஒரு பேரீச்சம்பழத்தை எடுத்து, கொட்டையை நீக்கி, எல்லோர் முன்னாலும் நுஸைபாவின் முகத்தருகே நீட்டினாள்.

"மொதல்ல ரெட்டை உசுருக்குத்தான். வாயத் தொறம்மா."

நான்கு வருஷத்தில் யாரும் அவளுக்கு ஊட்டியதில்லை. கண்ணில் நீர் முட்ட, நுஸைபா வாயைத் திறந்தாள்.

பேரீச்சம்பழம் அந்தரத்தில் நின்றது.

மாமி கொஞ்ச நேரம் அந்த வாய்க்குள் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பழத்தைத் தட்டில் திரும்ப வைத்தாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலாம்.

"நாக்க நீட்டு" என்றாள்.

நுஸைபாவுக்கு ஒன்றும் புரியவில்லை. சின்னப் பிள்ளையைப் போல நாக்கை நீட்டினாள். எதிரே உட்கார்ந்திருந்தவர்களின் முகத்தைப் பார்த்த பிறகுதான் அவளுக்குப் புரிந்தது.

"கஞ்சிக்கு உப்புப் பாக்குற மாதிரி நுனி நாக்குல வச்சுத் துப்பியிருப்பாம்மா. அதுக்கு நோன்பு முறியாதே" என்றாள் சாஜிதா.

"நுனி நாக்கா? தொண்டை வரைக்கும் பச்சையா இருக்குடி."

"மயக்கம் வந்திருக்கும். புள்ளத்தாச்சிதானே, நோன்ப விட்டிருப்பா" என்றார் ஒரு பெரியம்மா.

மாமி அவரைப் பார்த்துத் தலையாட்டினாள். "விடலாமே. விட்டா யாரு கேக்கப் போறா? மயக்கமா இருக்குன்னு சொன்னா நானே இளநி வெட்டிக் குடுத்திருப்பேன்ல? அத ஏன் ஒளிச்சுத் திங்கணும்?" பிறகு நுஸைபாவின் பக்கம் திரும்பினாள். குரல் தேனாக இருந்தது. "மயக்கமாம்மா? ஆமான்னு ஒரு தல ஆட்டு, போதும். நம்பிக்கிறேன்."

தலையை ஆட்டினால் போதும். எல்லோரும் அதற்குத்தான் காத்திருந்தார்கள், சாஜிதா உட்பட. ஆட்டினால் பெருநாள் வரைக்கும் தயிர் உண்டு, விசிறி உண்டு, எம் மருமவ உண்டு. பெருநாளுக்கு அப்புறம் கலைந்துவிட்டது என்றுகூடச் சொல்லிக்கொள்ளலாம். எத்தனையோ பேர் சொல்லியிருக்கிறார்கள். நுஸைபாவின் கழுத்து அசைந்ததுகூட. ஆனால் வெளியே பாங்கு இன்னும் முடியவில்லை. அதைக் காதில் வாங்கிக்கொண்டே அந்தத் தலையை ஆட்ட அவளால் முடியவில்லை. சொல்லாமல் இருந்தவளுக்குச் சொல்லிப் பொய் பேச வரவில்லை.

"இல்லைங்க மாமி. அது வந்துருச்சுங்க" என்றாள்.

யாரோ ஒருத்தி மூச்சை உள்ளே இழுத்தாள். இன்னொருத்தி அவசரமாகத் தண்ணீர் குடித்தாள். அந்தப் பெரியம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாமி தட்டில் வைத்த பேரீச்சம்பழத்தை எடுத்து, பிஸ்மி சொல்லித் தானே வாயில் போட்டு நோன்பு திறந்தாள். கஞ்சியை ஒரு மிடறு குடித்தாள். பிறகு கத்தியை எடுத்து நுஸைபாவின் கையில் கொடுத்தாள்.

"வெட்டி எல்லாருக்கும் குடு. நல்லா ருசி பாத்துச் செஞ்சிருக்கா, தப்பா இருக்காது. சாப்பிடுங்க" என்றாள்.

நுஸைபா கேக்கை வெட்டினாள். குனிந்து குனிந்து ஒவ்வொருத்தி தட்டிலும் வைத்தாள். கேக் நன்றாக வந்திருந்தது, அதுதான் கொடுமை. கசப்பும் இனிப்பும் அவ்வளவு சரியாக இருந்தன. முதலில் கூசிக்கொண்டு தின்றவர்கள் அப்புறம் கரண்டியை நக்கினார்கள். "மாஷா அல்லா, கடையில வாங்குனது மாதிரியே இருக்கே" என்று ஒருத்தி தன்னையறியாமல் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். இன்னொருத்தி இரண்டாம் துண்டு கேட்டாள். போகும்போது எல்லோர் நாக்கும் பச்சையாகத்தான் இருந்தது. அவர்களை யாரும் நீட்டச் சொல்லவில்லை.

அன்று குளியலறையில் நுஸைபா நாக்கை உப்பால் தேய்த்தாள், பல்பொடியால் தேய்த்தாள். கடைசியில் எலுமிச்சைத் துண்டில் சர்க்கரையைத் தொட்டு, ரத்தம் கசியும் வரை தேய்த்தபோதுதான் பச்சை விட்டது. எதற்காகத் தேய்க்கிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. பார்க்க வேண்டியவர்கள் எல்லோரும் பார்த்தாகிவிட்டது. சுஹைபைக் கூப்பிட்டாள். "அம்மா எல்லாம் சொன்னாங்க" என்றான். பிறகு, "ஊருல தல காட்ட முடியாமப் பண்ணிட்டியே" என்றான். அவன் ஷார்ஜாவில் இருந்தான்.

பெருநாள் முடிந்ததும் கொஞ்ச நாள் அம்மா வீட்டில் இருந்துவிட்டு வரச்சொல்லிக் கீழ்வேளூருக்கு அனுப்பினார்கள். கொஞ்ச நாள் என்றால் எவ்வளவு என்று யாரும் சொல்லவில்லை. பிறகு ஜமாஅத்தில் வைத்துப் பேசினார்கள். புருஷனுக்கும் டெஸ்ட் எடுத்தாகிவிட்டதா என்று அங்கே ஒரு பெரியவர் கேட்கத்தான் கேட்டார். சுஹைபின் தரப்பில் அவரைப் பார்த்த பார்வையில் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிட்டார். இரண்டு பேரும் பிரிந்துகொள்வது என்று முடிந்தது.

கட்டில், பீரோ, பாத்திரம் எல்லாம் திரும்பி வந்தன. ஓவன் மட்டும் வரவில்லை. சாஜிதா அதைப் பிரியப்பட்டதாகச் சொன்னார்கள். இரண்டு மாதம் கழித்து அப்துல் வஹாப் ஒரு ஷேர் ஆட்டோவில் ஓவனை மடியில் வைத்துக்கொண்டு கீழ்வேளூர் வந்து இறங்கினார். நுஸைபாவின் அம்மா அவரை உள்ளே வாங்க என்று சொல்லவில்லை. வாசலிலேயே நின்று ஓவனை இறக்கி வைத்தார்.

"தண்ணி ஊத்துற தட்ட மட்டும் காணும்மா. தேடிப் பாத்தேன்" என்றார்.

"பரவால்ல மாமா."

இன்னும் ஏதோ சொல்ல வந்தவர் போல நின்றார். அந்த வீட்டில் பேசாமலே இருந்து பழகிய வாய், வேறு ஊரில் வந்தும் திறக்கவில்லை. ஆட்டோக்காரன் ஹாரன் அடித்ததும் போய்விட்டார்.

நுஸைபா ஒரு சாதாரணத் தட்டில் தண்ணீர் ஊற்றி மறுபடி ஆரம்பித்தாள். பிறந்தநாள் கேக்குகள் செய்தாள். நாகப்பட்டினம், திருவாரூர் என்று ஆர்டர் வந்தது. பச்சைத் தேயிலை சீஸ்கேக் என்றால் அவளிடம்தான் என்று பெயராகிவிட்டது. அவள் பெயரெடுக்க அதுதானா கிடைத்தது என்று அம்மாவுக்கு ஆத்திரம். கலர் பொடியை மட்டும் அவள் அதற்கப்புறம் தொட்டதில்லை. ருசி பார்க்க ஒரு கரண்டி முழுசாக எடுத்து, ஜன்னல் பக்கம் நின்றுகொண்டு நிதானமாகச் சாப்பிடுவாள். யாரும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை என்பது அவளுக்கு இன்னும் பழகவில்லை.

ஒரு நாள் சாஜிதா போன் செய்தாள். சுஹைபுக்கு மறுமணம் முடிந்திருந்தது. பெண் வீட்டார் விருந்துக்கு வருகிறார்களாம்.

"அந்தப் பச்சைக் கேக் ரெண்டு செஞ்சு குடேன். நானும் செஞ்சு பாத்தேன், உன் கை மாதிரி வரல. அம்மாவே உங்கிட்டதான் கேக்கச் சொன்னாங்க. பழசு எதையும் மனசுல வச்சுக்காத, என்ன?"

பழசை மனசில் வைத்துக்கொள்ளாதே என்று அடித்தவர்கள் சொல்வதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. நுஸைபா விலையைச் சொன்னாள். மற்றவர்களுக்குச் சொல்கிற அதே விலைதான். செய்து கொடுத்தாள். எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை, கேக் பிரமாதமாக இருந்ததாகத் தகவல் வந்தது. அட்டைப் பெட்டியின் மேல் வழக்கம்போல அவளுடைய போன் நம்பர் இருந்தது.

அடுத்த நோன்பு வந்தது. சுஹைப் வந்துவிட்டுத் திரும்பிப் போயிருந்ததாகக் காதில் விழுந்தது. நுஸைபா அதைக் காதில் விழுந்ததோடு விட்டாள். பெருநாள் ஆர்டர்கள் குவிந்துகிடந்த ஒரு பிற்பகல், அசர் தாண்டிய நேரம், தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு வந்தது.

"அக்கா, நான் குத்தாலத்துலேருந்து மைமூனா பேசுறேன். சுஹைப் வீட்டு..." என்று ஒரு பெண் குரல் இழுத்தது. ரகசியமாகப் பேசியது. பின்னால் குழாயிலிருந்து தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது. அந்தக் குழாயின் சத்தம் நுஸைபாவுக்குத் தெரியும்.

"சொல்லும்மா."

"மாமி இன்னிக்குச் சொந்தக்காரங்கள நோன்பு தொறக்கக் கூப்பிட்டிருக்காங்க. உங்க கேக் மாதிரியே செய்யச் சொன்னாங்க. யூட்யூப் பாத்துக் குக்கர்லயே செஞ்சேன், நல்லாத்தான் வந்திருக்கு."

"சரி."

"பச்சை பத்தலன்னு கடல்பாசிக் கலரு போட்டேன்." தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. "அக்கா, அந்தக் கலரு நாக்குல பட்டா எதுல போவும்?"

நுஸைபா க்ரீம் கரண்டியைக் கீழே வைத்தாள். இந்தப் பெண் மேல் அவளுக்கு இருந்திருக்க வேண்டிய கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. தேடக்கூட நேரமில்லை. மஃரிபுக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது.

"எலுமிச்சைப் பழத்த வெட்டி, சக்கரையத் தொட்டுத் தேயி. எரியும், விட்டுராத, நல்லாத் தேயி" என்றாள். "அப்புறம் மாமி பேரீச்சம்பழம் ஊட்ட வருவாங்க. கையில வாங்கிக்க. வாயத் தொறந்துராத."